டாலஸ் 1836-இல் இல்லவே இல்லை: டெக்சாஸ் நூற்றாண்டு ஆணையத்தின் பிரமுகர்கள் என்ன செய்தார்கள்?

வாசகர் கேள்வி, 12 செப்டம்பர் 2025

ஒரு மாநிலத்துக்கு நூறாண்டு, இருநூறாண்டு என்று விழா எடுக்க ஆணையம் அமைக்கும்போதெல்லாம் உறுப்பினர் பட்டியலில் வங்கித் தலைவர், நாளிதழ் முதலாளி, வர்த்தக சபைத் தலைவர் ஆகியோரே இடம்பெறுகிறார்கள். வரலாறு படித்தவர்கள் கடைசி வரியில் ‘ஆலோசகர்’ என்று ஒதுங்கி நிற்கிறார்கள். இந்த ஊர்ப் பிரமுகர்கள் அங்கே உட்கார்ந்து உண்மையில் என்னதான் செய்கிறார்கள்? வெறும் அலங்காரப் பதவி என்பது என் எண்ணம். மறுப்பவர்கள் சான்றுடன் மறுக்கலாம்.

13 செப்டம்பர் 2025

மறுக்கிறேன். அலங்காரமாக மட்டும் இருந்திருக்கக் கூடாதா என்று நாம் ஏங்கும் அளவுக்கு அவர்கள் வேலை பார்த்திருக்கிறார்கள். நான் டாலஸுக்குப் பக்கத்தில் குடியேறி இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தொழில் கணக்குத் தணிக்கை. எனக்கு ஓரளவு தெரிந்த ஆணையம் ஒன்றுதான், 1936-இல் டெக்சாஸ் விடுதலையின் நூற்றாண்டைக் கொண்டாடியது. அதை வைத்தே பேசுகிறேன்.

மெக்சிகோவிலிருந்து பிரிந்துவிட்டதாக டெக்சாஸ் அறிவித்த நாள் 1836 மார்ச் 2. இடம், பிராசோஸ் ஆற்றங்கரையில் இருந்த வாஷிங்டன் என்னும் சிற்றூர். நான்கு நாள் கழித்து சான் அந்தோனியோவில் அலமோ கோட்டை வீழ்ந்தது. ஏப்ரல் 21 அன்று, இன்றைய ஹூஸ்டனுக்குக் கிழக்கே சான் ஹசின்டோ சமவெளியில், பதினெட்டே நிமிடம் நடந்த சண்டையில் டெக்சாஸ் வென்று முடிவு தெரிந்துவிட்டது. நூறாண்டு கழித்து விழா எடுப்பதென்றால் இந்த மூன்று இடங்களில் ஒன்றில் எடுக்கலாம் என்றுதான் எவருக்கும் தோன்றும். விழாவின் நடுவிடமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதோ டாலஸ். அந்த ஊர் 1836-இல் இல்லவே இல்லை. ஜான் நீலி பிரையன் என்பவர் டிரினிட்டி ஆற்றங்கரைக்கு வந்து குடிசை போட்டதே 1841-இல்தான்.

1934-இல் ஆணையம் நகரங்களை ஏலத்துக்கு அழைத்தது. சான் அந்தோனியோவிடம் அலமோ இருந்தது. ஹூஸ்டனிடம் போர்க்களம் இருந்தது. டாலஸிடம் 77,91,000 டாலருக்கான உறுதிமொழியும், ஆண்டுதோறும் மாநிலக் கண்காட்சி நடந்துவந்த ஆயத்தமான மைதானமும் இருந்தன. அந்த உறுதிமொழிக்குப் பின்னால் நின்றவர்கள் ராபர்ட் எல். தார்ன்டன், ஃபிரெட் ஃபுளோரன்ஸ், நேத்தன் ஆடம்ஸ் என்ற மூன்று வங்கித் தலைவர்கள். நாடெங்கும் வங்கிகள் மூடிக்கிடந்த மந்தகாலம் முழுதாக விலகாத நேரத்தில், அன்றாடம் ஒருவர் வாடிக்கையாளரை மற்றவர் பறிக்கப் பார்த்த மூன்று வங்கிகளின் தலைவர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே தொகையைச் சொன்னார்கள் என்றால், எதிரில் இருந்த ஊர்களுக்கு அப்போதே கதை முடிந்திருக்கும்.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். அலமோ சொல்லும் ஏறவில்லை.

14 செப்டம்பர் 2025

‘ஏலம்’ என்ற சொல் கடுமையானது என்று ஹூஸ்டன் நண்பர் கண்டிக்கிறார். அதிகத் தொகை சொன்ன ஊருக்குக் கிடைத்தது என்பதை வேறு எந்தச் சொல்லால் குறிப்பது என்று அவரே சொன்னால் மாற்றிவிடுகிறேன். ஹூஸ்டன்காரருக்குத் தொண்ணூறு ஆண்டுக்குப் பிறகும் வயிற்றெரிச்சல் தீரவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

15 செப்டம்பர் 2025

கேள்வி கேட்டவர் மீண்டும் எழுதியிருக்கிறார்: “இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், சரி, அதற்குப் பிறகு?” அதற்குப் பிறகுதான் என் தொழிலுக்கு உகந்த பகுதி வருகிறது.

1935-இல் டெக்சாஸ் சட்டமன்றம் நூற்றாண்டுக்காக 30 லட்சம் டாலர் ஒதுக்கியது. (தலைநகர் வாஷிங்டனில் நாடாளுமன்றமும் தன் பங்காக இன்னொரு 30 லட்சம் கொடுத்தது, அது தனிக் கணக்கு.) மாநிலப் பணம் பிரிக்கப்பட்ட விதத்தைக் கவனியுங்கள். டாலஸில் மாநில மண்டபம் கட்ட 12 லட்சம். அலமோவுக்காக சான் அந்தோனியோவுக்கு 2.5 லட்சம். சான் ஹசின்டோவுக்கு 2.5 லட்சம். ஆஸ்டின் பல்கலைக்கழக வளாகத்தில் அருங்காட்சியகத்துக்கு 2.25 லட்சம். மற்ற ஊர்கள் அனைத்துக்கும் சேர்த்து 5.75 லட்சம். விளம்பரத்துக்கு 5 லட்சம். கூட்டிப் பாருங்கள், சரியாக முப்பது வரும்.

டெக்சாஸில் 254 கவுண்டிகள் (நம்மூர் மாவட்டம் போன்றவை) உள்ளன. அத்தனை கவுண்டிகளின் கல்லறைகளுக்கும், பழைய கோட்டைகளுக்கும், முதல் குடியேற்றங்களுக்கும், சிலைகளுக்கும் ஒதுக்கிய தொகை 5.75 லட்சம். “எல்லாரும் வாருங்கள்” என்று ஊர் ஊராகத் தமுக்கடிக்க ஒதுக்கிய தொகை 5 லட்சம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற அளவுக்குப் போகவில்லை என்றாலும், சுமைகூலி சுண்டைக்காயின் தோளை உரசிக்கொண்டு நிற்கிறது.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. நூற்றாண்டைக் கொண்டாட வேண்டும் என்ற பேச்சு சூடு பிடித்ததே 1923-இல் கோர்சிகானா என்ற ஊரில் கூடிய விளம்பரக் கழகங்களின் மாநாட்டில்தான். வரலாற்றுக் கழகம் தொடங்கிவைத்திருந்தால் பட்டியல் வேறு மாதிரி இருந்திருக்கும். ஆனால் விழா நடந்திருக்காது என்று என் மனைவி சொல்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பேச்சு 1923-இல் தொடங்கியும், இதற்குப் பொதுப் பணத்தைச் செலவிடலாமா என்பதற்கு மக்கள் வாக்களித்து அரசமைப்பைத் திருத்தியது 1932-இல்தான். ஒன்பது ஆண்டுக் காலம் ஓயாமல் ஊர் ஊராகப் போய்ப் பேசிப் பேசி அந்த எண்ணத்தை உயிரோடு வைத்திருந்தவர்கள் விளம்பரக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும்தான். ஆகவே, சான் ஹசின்டோவில் 1936-இல் எழுந்த அந்தப் பெரிய தூணைப் பார்க்கும்போதெல்லாம் அவர்களுக்கும் ஒரு வணக்கம் வைத்துவிடுவது என் வழக்கம்.

16 செப்டம்பர் 2025

திருத்தம். சான் ஹசின்டோ தூண் 1936-இல் எழவில்லை. அந்த ஆண்டில் பணி தொடங்கியது, கட்டி முடித்தது 1939-இல். சுட்டிக்காட்டியவர் வேறு யாருமில்லை, அதே ஹூஸ்டன் நண்பர்தான். அதன் உயரம் 567 அடி, தலைநகர் வாஷிங்டனில் உள்ள நினைவுத்தூணைவிட 12 அடி அதிகம் என்பதையும் சேர்க்கச் சொல்கிறார், சேர்த்துவிட்டேன். அந்தத் தூணுக்குப் பணம் வந்து சேர்ந்ததில் ஜெஸ்ஸி ஜோன்ஸ் என்ற ஹூஸ்டன் வங்கிக்காரருக்குப் பெரும் பங்கு உண்டு. அவர் நாளிதழ் முதலாளியும்கூட. இருபதுகளில் நூற்றாண்டு முயற்சிக்குத் தலைமை இயக்குநராக இருந்தவர். தூண் எழுந்த காலத்தில் ரூஸ்வெல்ட் அரசின் மறுசீரமைப்பு நிதிக் கழகத்துக்குத் தலைவர். கேள்வி கேட்டவர் போட்ட பட்டியலில் வங்கி, நாளிதழ் என்ற இரண்டு பதவிகளையும் இவர் ஒருவரே நிரப்பிவிடுகிறார்.

16 செப்டம்பர் 2025, இரவு

ஃபோர்ட் வொர்த்தை விட்டுவிட்டீர்களே என்று கேட்டிருக்கிறார்கள். அந்த ஊர் டாலஸுக்கு முப்பது மைல் மேற்கே இருக்கிறது. அங்கே ஏமன் கார்ட்டர் என்ற நாளிதழ் அதிபர், டாலஸுக்கு விழா போனதைப் பொறுக்காமல், தனியே ஒரு ‘எல்லைப்புற நூற்றாண்டு விழா’ நடத்தினார். நியூயார்க்கிலிருந்து பில்லி ரோஸ் என்ற நாடக வித்தகரை நாளொன்றுக்கு ஆயிரம் டாலர் என்று நூறு நாளுக்கு அமர்த்தினார். படிப்பு வேண்டுமானால் டாலஸுக்குப் போங்கள், பொழுதுபோக வேண்டுமானால் இங்கே வாருங்கள் என்ற பொருளில் விளம்பரப் பலகைகள் வைத்தார். ஃபோர்ட் வொர்த் விழா தொடங்கிய நாள் 1936 ஜூலை 18. அந்தத் தேதியைக் கேட்டால் நமக்குத் தமிழ்நாடு என்று பெயர் மாற்றிய 1967-ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தீர்மானம்தான் நினைவுக்கு வரும். தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

21 செப்டம்பர் 2025

வரலாறு தெரிந்தவர்கள் எங்கே இருந்தார்கள் என்பதற்கு இப்போது வருகிறேன்.

செலவைக் கண்காணிக்கச் சட்டமன்றம் ஏற்படுத்திய கட்டுப்பாட்டு ஆணையத்துக்குத் தலைவர் துணை ஆளுநர் வால்ட்டர் வுடுல். அதன்கீழ் மூன்று பேர் கொண்ட வரலாற்றாளர் ஆலோசனைக் குழு ஒன்று அமைந்தது: லூயிஸ் வில்ட்ஸ் கெம்ப், ஜே. ஃபிராங்க் டோபி, பாதிரியார் பால் ஃபாயிக். அந்த 5.75 லட்சத்தை எந்த ஊருக்கு எவ்வளவு என்று பிரித்துப் பரிந்துரைப்பது இவர்கள் வேலை. ஒவ்வொரு ஊரும் தனக்கு ஒரு சிலை, ஒரு மண்டபம், ஒரு கல்லாவது வேண்டும் என்று வரிசையில் நின்றது. மூவருக்குள்ளும் ஒத்துப்போகவில்லை, கெம்பும் ஃபாயிக்கும் சேர்ந்து ஓர் அறிக்கை கொடுத்தார்கள், டோபி தனியே ஓர் அறிக்கை கொடுத்தார். பிற்பாடு அலமோ முன் எழுந்த பளிங்கு நினைவுச் சின்னத்தை டோபி வெளிப்படையாகவே ஏளனம் செய்தார்.

ஆக, வங்கிக்காரர்கள் மூவரும் ஒரே குரலில் பேசினார்கள். வரலாற்றாளர்கள் மூவரும் இரண்டு அறிக்கை கொடுத்தார்கள். பணம் எந்தப் பக்கம் போகும் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. ஆனால் கடைசியில் மாநிலம் முழுக்க நட்டுவைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கருங்கல் குறிப்புகள், அந்தச் சண்டைக்கார மூவரின் பட்டியலிலிருந்து பிறந்தவை. டாலஸில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியைப் பார்க்க 63,53,827 பேர் வந்தார்கள். 1936 ஜூன் 6-இல் தொடங்கி நவம்பர் 29-இல் முடிந்தது. அவர்களில் இன்று உயிரோடு இருப்பவர் எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்? கல் நெடுஞ்சாலை ஓரத்தில் இன்னும் நிற்கிறது.

22 செப்டம்பர் 2025

மேலே எழுதியதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. நானே கண்டுபிடித்தேன் என்று சொல்ல ஆசைதான். கண்டுபிடித்தவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஐயா.

“வரலாற்றாளர்கள் ஒரு பக்கம், ஊர்ப் பிரமுகர்கள் ஒரு பக்கம் என்று கோடு கிழித்திருக்கிறீர்களே, கெம்ப் எந்தப் பக்கம்?” என்று கேட்கிறார். கெம்ப் பேராசிரியர் அல்லர். டெக்சாஸ் கம்பெனி என்ற எண்ணெய் நிறுவனத்தில் சாலைத் தார் விற்கும் பிரிவில் வேலை பார்த்தவர். தார் விற்கக் கவுண்டி கவுண்டியாகப் போன இடத்திலெல்லாம் இடுகாட்டுக்குள் நுழைந்து, பழைய போராளிகளின் கல்லறைகளைத் தேடிக் குறிப்பெடுத்தார்; கேட்பாரற்றுக் கிடந்த பலரின் எச்சங்களை ஆஸ்டினில் உள்ள மாநிலக் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்ற முன்னின்றார். ஃபாயிக் ஆஸ்டினில் ஒரு கத்தோலிக்கக் கல்லூரியின் நூலகர். டோபி ஒருவர்தான் பல்கலைக்கழக ஆசிரியர், அவரும் ஆங்கிலத் துறையில் இருந்துகொண்டு நாட்டார் கதைகளைத் தேடியவர்.

ஐயா சொல்வது சரி. நான் கிழித்த கோட்டை அழிக்கிறேன். தார் விற்றவர்தான் அந்தக் குழுவிலேயே மண்ணை அதிகம் மிதித்தவர். கேள்வி கேட்டவரின் ‘படித்தவர்கள்’, ‘பிரமுகர்கள்’ என்ற பிரிவினையும் இதனால் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது.

5 அக்டோபர் 2025

இன்று, 1936 கண்காட்சி நடந்த மைதானமான ஃபேர் பார்க்குக்குப் போனேன். மாநிலக் கண்காட்சி நடக்கும் மாதம் என்பதால் கூட்டம் நெரிந்தது. மாநில மண்டபத்தின் முன்புதான் கொஞ்சம் மூச்சுவிட இடம் இருந்தது. வாசலுக்கு மேலே அல்லி டெனன்ட் என்ற பெண் சிற்பி வடித்த தேஹாஸ் பழங்குடி வீரன் பொன்முலாம் பூசிய உடம்போடு வில்லைப் பிடித்து நிற்கிறான். உள்ளே ஆறு வெண்கல நாயகர்கள் நிற்கிறார்கள். 12 லட்சம் டாலர் செலவில் கட்டிய இந்த மண்டபம், விழா தொடங்கி மூன்று மாதம் கழித்து, செப்டம்பரில்தான் திறக்கப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்த நாயகர்களின் முகத்தில் ஒரு சங்கடம் தெரிகிறது. (எனக்கு மட்டும் தெரிகிறதோ என்னவோ.)

நான் பார்க்கப் போனது நாயகர்களை அல்ல, வெளிச் சுவரின் மேல்பகுதியைச் சுற்றி வெட்டியிருக்கும் பெயர் வரிசையை. டெக்சாஸ் வரலாற்றின் பெருமக்கள் என்று தேர்ந்தெடுத்த பெயர்கள் அவை. அண்ணாந்து பார்த்து, முதலில் வரும் பெயர்களின் முதலெழுத்துகளை ஒவ்வொன்றாக ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டே போனால், ‘பார்தெல்மி’ என்ற பெயர் கிடைக்கிறது. டொனால்ட் பார்தெல்மி அந்த மண்டபத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர். மாநிலத்தின் மாவீரர்களை அகரவரிசையிலும் வைக்காமல், கால வரிசையிலும் வைக்காமல், தன் கையெழுத்தாக அடுக்கிவிட்டுப் போயிருக்கிறார். எந்த ஆணையத்துக்கும் தெரியாமல் அந்த மண்டபத்தில் நடந்த ஒரே காரியம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வெயிலில் கழுத்து சுளுக்கிக்கொண்டது. பக்கத்தில் பஞ்சுமிட்டாய் தின்ற சிறுவன் ஒருவன் நான் எதைப் பார்க்கிறேன் என்று தானும் அண்ணாந்து பார்த்தான்.

6 அக்டோபர் 2025

நேற்றைய குறிப்பை விளையாட்டாக முடித்துவிட்டேன். அதே மைதானத்தில் இன்னொரு கட்டடம் இருந்தது. அதைச் சொல்லாமல் மேலே போவது சரியாகாது.

ஏ. மேசியோ ஸ்மித் டாலஸ் கறுப்பர் வர்த்தக சபையை முன்னின்று நடத்தியவர். கேள்வி கேட்டவரின் அகராதிப்படி அவரும் ஓர் ஊர்ப் பிரமுகர்தான். ஆணையத்தில் நாற்காலி மட்டும் கிடையாது. நூற்றாண்டு விழாவில் கறுப்பின மக்களுக்கென்று ஒரு மண்டபம் வேண்டும் என்று சட்டமன்றத்திடம் பணம் கேட்டார்கள். மாநிலம் கொடுக்கவில்லை. 30 லட்சத்தை மேலே உருப்படி உருப்படியாகப் பிரித்துக் காட்டினேன் அல்லவா? அதில் இதற்கு ஒரு டாலர்கூட இல்லை. கடைசியில் கூட்டாட்சி அரசு கொடுத்த ஒரு லட்சம் டாலரில் மண்டபம் எழுந்தது. ‘நீக்ரோ வாழ்க்கை மண்டபம்’ என்பது அன்றைய பெயர். தேசிய நகர்ப்புறக் கழகத்தின் ஜெஸ்ஸி ஓ. தாமஸ் அதை நிர்வகித்தார். ஏரன் டக்ளஸ் நான்கு பெரிய ஓவியங்கள் தீட்டிக் கொடுத்தார். கறுப்பின அறிஞர் டு போய்ஸ் ஒரு சிறு நூலே எழுதிக் கொடுத்தார். கண்காட்சி தொடங்கிய ஜூன் 6-இல் அல்லாமல் ஜூன் 19-இல் மண்டபத்தைத் திறந்தார்கள்; 1865-இல் கால்வெஸ்டனில் டெக்சாஸ் அடிமைகளுக்கு விடுதலை அறிவிக்கப்பட்ட நாள் அது, ஜூன்டீந்த் என்று இன்று நாடு முழுக்க விடுமுறை விடும் நாள். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் உள்ளே போய்ப் பார்த்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்.

கண்காட்சி முடிந்தது. மறு ஆண்டு அதே மைதானத்தில் பான் அமெரிக்கக் கண்காட்சி என்று இன்னொன்று நடத்தினார்கள். அதற்கு முன் முதன்மைக் கட்டடங்களில் இந்த ஒன்றை மட்டும் இடித்துவிட்டார்கள். டக்ளஸின் நான்கு ஓவியங்களில் இரண்டுதான் இன்று இருக்கின்றன. ஒன்று வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில், மற்றொன்று சான் பிரான்சிஸ்கோவில். டாலஸில் ஒன்றும் இல்லை.

உறுப்பினர் பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்று தேடுவதில் எனக்கு ஆர்வம் போய்விட்டது. எந்தச் செலவு மறுக்கப்பட்டது என்று பாருங்கள். எந்தக் கட்டடத்துக்கு முதலில் கடப்பாறை வந்தது என்று பாருங்கள். ஆணையத்தின் மனம் அங்கேதான் இருக்கிறது. நான் தணிக்கைக்குப் போகும் நிறுவனங்களிலும் நிர்வாகக் குழுப் படத்தை யாரும் பார்ப்பதில்லை, நிராகரித்த விண்ணப்பங்களின் கோப்பைத்தான் முதலில் கேட்போம்.

6 அக்டோபர் 2025, சற்றுப் பின்

“ஆணையம் முழுவதையும் கெட்டவர்கள் என்கிறீர்களா?” என்று கேட்டவருக்கு: அப்படி எழுதவில்லை. மேலே மீண்டும் படியுங்கள்.

12 அக்டோபர் 2025

அந்தக் கேள்வி ஆறு நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. தார்ன்டனைப் பற்றி நான் எழுதிய தொனியை நானே மறுபரிசீலனை செய்கிறேன்.

நான் வேலைக்குப் போகும் சாலைக்கு அவர் பெயர்தான். கிழக்கு ஆர். எல். தார்ன்டன் விரைவுச்சாலையில் நெரிசல் என்று வானொலியில் சொல்லாத காலைப்பொழுது டாலஸில் கிடையாது. குத்தகை விவசாயியின் மகன், வங்கி தொடங்கியவர், 1953-இலிருந்து 1961 வரை மேயர். மண் பறந்துகொண்டே இருக்கவேண்டும் என்பது அவருடைய தாரக மந்திரம். நூற்றாண்டு விழாவை நடத்திய பழக்கத்திலேயே 1937-இல் டாலஸ் குடிமக்கள் மன்றம் என்ற ஓர் அமைப்பை உருவாக்கினார். பெயரைக் கேட்டால் குடிமக்கள் எல்லாரும் சேரலாம் போலத் தோன்றும். சேர்ந்தவர்கள் நிறுவனங்களின் தலைவர்கள் மட்டுமே. யாரையும் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லாமல், உட்கார்ந்த இடத்திலேயே ஆம் அல்லது இல்லை என்று சொல்லித் தம் நிறுவனத்தின் பணத்தைக் கட்டக்கூடியவர்கள். பல பத்தாண்டுகளுக்கு டாலஸில் யார் மேயர், எங்கே பாலம் என்பவை அந்த மேசையில் முடிவாயின.

இப்போது கேள்வி கேட்டவரின் பக்கமே திரும்புகிறேன். பிரமுகர்கள் ஆணையத்தில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டார். 1936-இல் அவர்கள் கூடிச் செயல்படக் கற்றுக்கொண்டார்கள். விழா முடிந்ததும் ஆணையம் கலைந்தது, கற்றுக்கொண்டது கலையவில்லை. இதை நல்லது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஏறத்தாழ பத்தே மாதத்தில், கட்டடக் கலைஞர் ஜார்ஜ் டால் தலைமையில், ஒரு மைதானம் முழுக்கக் கட்டடங்களை எழுப்பி, சிற்பிகளுக்கும் ஓவியர்களுக்கும் மந்தகாலத்தில் கூலி கொடுத்தது அந்தக் கூட்டம்தான் என்பதையும் மறைக்க முடியாது. டோபி தனி அறிக்கை எழுதி எத்தனை கொத்தனார்களுக்குச் சோறு போட்டார்?

இந்தக் கடைசி வரி டோபிக்கு அநியாயம். அழிக்காமல் விட்டுவைக்கிறேன், கோபத்தில் எழுதியது என்று தெரியட்டும்.

2 நவம்பர் 2025

கோர்சிகானா வரை போய்வந்தேன். டாலஸிலிருந்து தெற்கே ஒரு மணி நேரம். விளம்பரக்காரர்கள் கூடிய ஊர் என்பதற்காகப் போனேன். ஊர்க்காரர்களுக்கு அந்த மாநாடு நினைவில் இல்லை, பழக்கேக் கடையைத்தான் காட்டுகிறார்கள். நீதிமன்ற வளாகத்தில் ஹோசே அந்தோனியோ நவாரோவின் சிலை நிற்கிறது. நூற்றாண்டுப் பணத்தில் 1938-இல் வைத்தது; மண்டபத்து வாசலில் வில்வீரனை வடித்த அதே அல்லி டெனன்டின் கைவேலை. நவாரோவின் தந்தை கோர்சிகா தீவிலிருந்து வந்தவர், அதனால்தான் ஊருக்கு அந்தப் பெயர். விடுதலை அறிக்கையில் கையெழுத்திட்டவர்களில் டெக்சாஸ் மண்ணிலேயே பிறந்தவர்கள் இரண்டு பேர்தான்: நவாரோவும், அவருடைய தாய்மாமன் ஹோசே ஃபிரான்சிஸ்கோ ரூயிஸும். மற்றவர்கள் எல்லாரும் வந்தேறியவர்கள். வந்தேறியவன் என்ற முறையில் எனக்கு இது ஆறுதலாக இருந்தது.

திரும்பும் வழியில் பண்ணைச் சாலை ஒன்றில் ஒரு நூற்றாண்டுக் கல்லைக் கண்டு வண்டியை நிறுத்தினேன். இடுப்பளவு கருங்கல். மேலே வெண்கல நட்சத்திரமும் அதைச் சுற்றி இலை வளையமும் இருக்க வேண்டிய இடத்தில் திருகாணித் துளைகள் மட்டும் இருந்தன. பழைய உலோகம் வாங்குபவரிடம் போயிருக்கும். எழுத்துகளை விரலால் தடவித்தான் படிக்க முடிந்தது. கடைசி வரியில் ‘டெக்சாஸ் மாநிலத்தால் நிறுவப்பட்டது, 1936’ என்பது மட்டும் தெளிவாக இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வந்த முதியவர், “நீங்கள் தேடும் ஆள் இங்கே இல்லை, அதோ அந்த ஓக் மரத்தடியில் புதைத்திருக்கிறார்கள், கல்லைத் தப்பான இடத்தில் நட்டுவிட்டார்கள் என்று என் பாட்டனார் சொல்வார்” என்றார். நான் யாரையும் தேடவில்லை என்று அவரிடம் சொல்லத் தோன்றவில்லை. ஓக் மரத்தடிக்கும் போய் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வந்தேன்.

3 நவம்பர் 2025

கல் நிலைத்து நிற்கும் என்று செப்டம்பர் 21-இல் எழுதியதற்கு ஒரு பின்குறிப்பு. 1936 ஜூன் 12 அன்று கண்காட்சிக்கு வந்த ரூஸ்வெல்ட், அதே நாளில் டாலஸ் பூங்கா ஒன்றில், உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்க நின்ற தென்மாநிலங்களின் தளபதி ராபர்ட் இ. லீயின் குதிரைச் சிலையைத் திறந்துவைத்தார். 2017-இல் நகரமன்றம் வாக்கெடுத்து அதை இறக்கியது. பின்னர் ஏலத்தில் விற்றது. இந்த முறை ‘ஏலம்’ என்ற சொல்லுக்கு ஹூஸ்டன் நண்பர் ஆட்சேபம் சொல்ல மாட்டார் என்று நம்புகிறேன்.

9 நவம்பர் 2025

“நீங்கள் எப்போதாவது இப்படி ஒரு குழுவில் இருந்ததுண்டா?” என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்தின் வெள்ளிவிழாக் குழுவில் பொருளாளராக இருந்தேன். மலர் அச்சிட்டோம். ஐயாயிரம் டாலர் கொடுத்தவருக்கு முழுப்பக்கம், ஆயிரம் கொடுத்தவருக்குக் கால்பக்கம் என்று அட்டவணை போட்டது நான்தான். சங்கத்தின் முதல் கூட்டத்தைத் தன் வீட்டு வண்டி நிறுத்தும் அறையில் நடத்தி, பதினைந்து பேருக்குச் சாம்பார் சாதம் கிளறிப் போட்ட அம்மாவின் பெயர் எந்த அட்டவணையிலும் வராததால் மலரிலும் வரவில்லை. விழாவன்று அவர் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து மலரைப் புரட்டிக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டு, மூடி, கைப்பையில் வைத்துக்கொண்டு, “அச்சு நன்றாக வந்திருக்கிறது தம்பி” என்றார்.

1936-இன் ஒதுக்கீட்டுப் பட்டியலை முதன்முதலில் படித்தபோது எனக்கு அந்தக் கைப்பைதான் நினைவுக்கு வந்தது. அந்த ஆணையத்தாரைப் பற்றிப் பேசும்போது என் குரல் நடுநடுவே தழைந்துபோவதற்குக் காரணம் கேட்டிருந்தார் தலைமையாசிரியர் ஐயா. இதுதான் ஐயா.

10 நவம்பர் 2025

2036-இல் டெக்சாஸ் விடுதலைக்கு இருநூறு ஆண்டு நிறையும். அப்போது ஆணையத்தில் நம்மவர் ஒருவர் இடம்பெறுவாரா, நீங்கள் இருப்பீர்களா என்று நண்பர்கள் கிண்டலும் ஆசையுமாகக் கேட்கிறார்கள். நம்மவரில் வங்கித் துணைத்தலைவர்களும் மருத்துவமனை உரிமையாளர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். நாற்காலிக்கு ஆள் கிடைக்காமல் போகாது. எனக்கு நாற்காலி வேண்டாம். ஒதுக்கீட்டுப் பட்டியல் சட்டமன்றத்துக்குப் போவதற்கு முந்தைய நாள் மாலை, மறுக்கப்பட்ட விண்ணப்பங்களின் கோப்போடு அதை என்னிடம் இரண்டு மணி நேரம் கொடுத்தால் போதும். அப்போது எனக்கு எழுபத்தொன்று ஆகியிருக்கும். மூக்குக்கண்ணாடி என்னுடையதே இருக்கிறது.